அடையாளம் கேட்காத அஞ்சல்: ஒரு நெறிமுறையின் வரலாறு

1982 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 821 என்னும் ஆவணத்தை இன்று படிப்பவர் முதலில் வியப்பது அதிலுள்ள மரியாதையைத்தான். ஒரு கணிப்பொறி இன்னொன்றை அழைத்து 'ஹெலோ' என்கிறது. தன் பெயரைச் சொல்கிறது. எதிர்ப்பக்கத்து வழங்கி 250 என்று விடை தருகிறது. 'சரி' என்று பொருள். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, கடிதத்தின் உடல் என ஒவ்வொன்றும் வரிசையாக வர, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றிலக்க எண் தலையசைக்கிறது. இறுதியில் விடைபெறல். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அஞ்சல் நெறிமுறை இதுதான். இந்த உரையாடலில் எங்கேயும் 'நீ சொல்லும் பெயர் உன்னுடையதுதானா?' என்ற கேள்வி இல்லை. 'சரிபார்' என்று பொருள்படும் ஓர் ஆணை உண்டு. ஆனால் அது பெறுநர் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. அனுப்புநரைச் சரிபார்க்க ஓர் ஆணை சேர 17 ஆண்டுகள் ஆயின.

இதை அக்காலத்து நிரலாளர்களின் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையன்று. கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் மின்னஞ்சலைவிடக் கடவுச்சொல் மூத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ தலைமையில் உருவாகி 1961 இல் செய்து காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு அமைப்பு, கடவுச்சொல்லை முதலில் கைக்கொண்டவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே அது களவாடப்பட்டது. தமக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கடவுச்சொற் கோப்பையே அச்சிட்டுத் தருமாறு துளையட்டையில் விண்ணப்பம் எழுதிப் போட, இயந்திரமும் மறுக்காமல் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. 1966 இல் நடந்தது இன்னும் வேடிக்கை. இரு தற்காலிகக் கோப்புகள் இடம் மாறியதால், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் திரையிடப்பட்டன.

ஆக, போஸ்டலின் தலைமுறைக்குக் கடவுச்சொல் தெரியும்; அதன் பலவீனமும் தெரியும். ஆனால் அஞ்சலை அவர்கள் வேறோர் இனமாகக் கருதினார்கள் என்று கொள்வதே பொருத்தம். தெருமுனை அஞ்சல் பெட்டி கடிதம் போட வருபவரை யாரென்று கேட்பதில்லை. அடையாளம் கடிதத்தின்மேல் இருக்கலாம், கொண்டுவருபவனிடம் அன்று. சிலப்பதிகாரத்தில் கௌசிகன் கொண்டுவந்த மாதவியின் முடங்கலைக் கோவலன் நம்பியது, மண் இலச்சினையில் பதிந்திருந்த அவள் கூந்தலின் நெய் வாசத்தால்தான். நாம் மாணவர்களுக்கு அப்பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம், அனுப்பியவரை அறிய இதைவிடத் தனிப்பட்டதொரு முத்திரையை எந்த நிரலாளரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று எண்ணிக்கொள்வதுண்டு.

அஞ்சல் பெட்டி உவமையில் ஒரு குறை இருந்தது. காகிதக் கடிதத்துக்கு அனுப்புபவர் தலை வாங்கி ஒட்டுகிறார். மின்னஞ்சலில் தலை இல்லை. ஒரே கடிதத்துடன் ஆயிரம் பெறுநரைக் கொடுத்தால், ஆயிரம் பிரதிகளையும் சுமப்பது இடையிலுள்ள வழங்கி. ஆர்.எஃப்.சி. 821 இல் இந்தச் சுமத்தல் ஒரு பெருந்தன்மையாகவே அமைந்திருந்தது. இன்னின்ன இயந்திரங்களின் வழியாக இக்கடிதத்தைக் கொண்டு சேர் என்று அனுப்புநரே வழித்தடம் குறித்துக் கொடுக்கலாம். யாருக்கோ யாரோ எழுதிய மடலை நடுவில் நிற்பவர் வாங்கி அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். வழிப்போக்கர் படுத்துறங்கத் திண்ணை விட்டுக் கட்டிய வீடுகளைப் போன்றவை அன்றைய வழங்கிகள். 'திறந்த அஞ்சல் கடத்தி' என்று பின்னாளில் வசைச்சொல்லாகிப்போனது, ஒரு காலத்தில் நல்லொழுக்கத்தின் பெயர்.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 1978 மே மாதம் கேரி தர்க் என்ற விற்பனை அலுவலர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அர்ப்பாநெட்டில் அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார். எஸ்.எம்.டி.பி. பிறப்பதற்கு நான்காண்டுகள் முந்தைய நிகழ்ச்சி இது. அதற்கடுத்து 1988 நவம்பர் 2. அன்று பரவிய மாரிஸ் புழு, சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலில் பிழைதிருத்தத்துக்காகத் திறந்து விடப்பட்டிருந்த ஒரு கதவின் வழியே நுழைந்தது. 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துப் பயனர்களின் கடவுச்சொற்களை ஊகித்தும் பார்த்தது. அதை எழுதியவர் ராபர்ட் டப்பன் மாரிஸ் என்ற ஆய்வு மாணவர். அவருடைய தந்தை ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சனுடன் சேர்ந்து 1979 இல் யுனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதியவர். திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத்தக்கவை என்று எண்ணிக் காட்டிய கட்டுரை அது. தந்தை சுட்டிக்காட்டிய ஓட்டையை மகன் நடந்து காட்டினார். புனைகதையில் இப்படியோர் அமைப்பு வந்தால் செயற்கையென்று தள்ளிவிடுவோம்.

1990களின் நடுவில் இணையம் வணிகத்துக்குத் திறந்தபோது திண்ணையில் படுத்தவர்கள் வழிப்போக்கர்களாக இருக்கவில்லை. யாருடைய வழங்கியையோ பயன்படுத்தி இலட்சக்கணக்கில் குப்பை அஞ்சல் அனுப்புவது தொழிலாயிற்று. பால் விக்ஸி 1997 இல் தொடங்கிய கறுப்புப் பட்டியல், திண்ணையை மூடாதவர்களின் மடல்களை மற்றவர்கள் ஏற்காமலிருக்க வழி செய்தது. 1998 இல் வெளியான சென்ட்மெயில் 8.9, பிறர் மடலைக் கடத்துவதில்லை என்பதையே இயல்புநிலையாக்கியது. ஜான் கில்மோர் போன்ற சிலர் கொள்கைக்காகவே வழங்கியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களை அன்று பலர் பிடிவாதக்காரர்கள் என்றார்கள். நமக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் கேட்ட உலகம் அதற்குள் போய்விட்டிருந்தது.

கதவை மூடியதும் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. தன் வலையமைப்புக்குள்ளிருந்து வரும் மடலை மட்டும் கடத்து என்றால், வழங்கி கேட்பது 'நீ யார்?' என்றன்று, 'நீ எங்கே நிற்கிறாய்?' என்று. அலுவலகத்தில் அனுப்ப முடிந்தவர் ஊருக்குப் போனால் அனுப்ப முடியாது. இதற்குக் கண்டுபிடித்த தற்காலிக வைத்தியம் விநோதமானது. மடல்களை எடுக்க உதவும் பாப் நெறிமுறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தொடக்கத்திலிருந்தே உண்டு. எனவே, முதலில் பெட்டியைத் திறந்து கடிதம் எடு, உன் ஐ.பி. முகவரியைக் குறித்துவைத்துக்கொள்கிறோம், அடுத்த சிறிது நேரத்துக்கு அந்த முகவரியிலிருந்து வருவதையெல்லாம் நம்புகிறோம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரே முகவரியைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஒருவர் உள்ளே போனால் பத்துப் பேரும் உள்ளே போனதாக ஆகிவிடும். ஆனாலும் பல ஆண்டுகள் உலகம் இதைக்கொண்டே கடிதம் எழுதியது.

முறையான விடை 1999 மார்ச்சில் ஜான் மையர்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 2554. 1997 இல் தாமே வகுத்த சாசல் என்னும் பொதுச் சட்டகத்தை அவர் அஞ்சலுக்குப் பொருத்தினார். அதன் நேர்த்தி, எந்த முறையில் அடையாளம் காட்டுவது என்பதை நெறிமுறையிலிருந்து பிரித்துவிட்டதில் இருக்கிறது. வழங்கி தனக்குத் தெரிந்த முறைகளை அறிவிக்கும். பயனர் தரப்பு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். வழங்கி 334 என்று சொல்லிக் கேள்வி அனுப்பும். விடை சரியானால் 235, தவறானால் 535. பயனரே இல்லையென்றாலும் கடவுச்சொல் மட்டும் தவறென்றாலும் ஒரே விடைதான் தரவேண்டும். இல்லாவிட்டால் வெளியே நிற்பவன் வீட்டிலுள்ளோர் பெயர்களைக் கேட்டறிந்துவிடுவான்.

'பிளெய்ன்' என்னும் எளிய முறையில் பயனர் மூன்று பகுதிகளை அனுப்புகிறார். நான் யாராகச் செயற்பட விரும்புகிறேன், நான் யார், என் கடவுச்சொல் என்ன. முதலிரண்டும் வேறு வேறாகலாம் என்று இடம் வைத்தது மெய்யியல் நுட்பம்; செயலாளர் தலைவருக்காக மடல் அனுப்பலாம். ஆனால் பகுதிகளைப் பிரிப்பது சுழி மதிப்புடைய ஓர் எண்ணுரு. சி மொழியிலோ அதுவே சரத்தின் முடிவு. முதற்பகுதி பெரும்பாலும் வெறுமையாயிருக்கும் என்பதால், கவனமில்லாத நிரல் விடையைத் திறந்த உடனேயே அது முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். 'லாகின்' என்ற மற்றொரு முறை பழைய நிரல்களின் வழக்கத்தால் நிலைத்தது. பயனர்பெயர், கடவுச்சொல் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையே பேஸ் 64 எழுத்துகளாக மாற்றி வழங்கி கேட்கும். இரண்டும் பன்னிரண்டு எழுத்துகள். புரியாத எழுத்தென்பதால் மறையெழுத்தென்று மயங்கியவர் பலர். அது வெறும் எழுத்துப்பெயர்ப்பு. எவரும் திருப்பிப் படிக்கலாம். பழைய மைக்ரோசாஃப்ட் அஞ்சல் நிரல்கள் சில இந்த அறிவிப்பில் இடைவெளிக்குப் பதில் சமக்குறியை எதிர்பார்த்தன. அதனால் வழங்கிகள் ஒரே செய்தியை இருவகையாக இரண்டு முறை சொல்ல நேர்ந்தது. நெறிமுறைகளிலும் பாடபேதம் உண்டு.

கடவுச்சொல்லைக் கம்பியில் அனுப்பாமலே நிறுவ வழியில்லையா? 1997 இல் வந்த கிராம்-எம்.டி. 5 அதைச் செய்தது. வழங்கி ஒவ்வொரு முறையும் புதிய வாசகம் தரும். பயனர் அதைத் தம் இரகசியத்தோடு சேர்த்துக் கணக்கிட்ட சுருக்கத்தை மட்டும் திருப்புவார். ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது ஒருமுறைக்கு மேல் உதவாத எச்சம். ஆனால் அதே கணக்கை வழங்கியும் போட்டுப் பார்க்க வேண்டுமே! அதற்கு அந்த இரகசியத்தை, அல்லது அதற்கு ஈடான ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். மாரிஸும் தாம்ப்சனும் கடவுச்சொல்லை எவராலும் திரும்பப் படிக்க முடியாதபடி வைக்கக் கற்றுக்கொடுத்து 18 ஆண்டுகள் கழித்து, கம்பியைக் காக்கப்போய்ப் பெட்டகத்தைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆவணத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்த இரகசியச் சொல், 'இலவசச் சாப்பாடு என்று ஒன்றில்லை' என்ற ஆங்கிலச் சொலவடையின் முதலெழுத்துச் சுருக்கத்தை நினைவூட்டுவது. இரு பக்கமும் காக்கும் ஸ்கிராம் முறை 2010 இல் வந்தது. அதற்குள் பெரும்பாலோர், கம்பி முழுவதையும் மறையாக்கம் செய்துவிட்டு உள்ளே வெற்றுக் கடவுச்சொல்லை அனுப்புவதே போதுமென்று ஒதுங்கிவிட்டனர்.

மறையாக்கத்துக்கும் ஒரு வாயிற்படி இருந்தது. உரையாடலைத் திறந்தவெளியில் தொடங்கி, 'இனி மறைவாகப் பேசுவோம்' என்று நடுவில் மாறுவது அந்த ஏற்பாடு. 2011 இல் போஸ்ட்ஃபிக்ஸ் நிரலின் ஆசிரியரான வீட்சே வெனமா அதில் ஒரு பிழையை வெளிப்படுத்தினார். 'மறைவாகப் பேசுவோம்' என்ற வரியை ஒட்டியே இடையிலிருப்பவன் செருகிய வரிகள் வழங்கியின் இடைத்தேக்கத்தில் தங்கி, கதவு சாத்தப்பட்ட பின் உள்ளிருந்து வந்த சொற்களாக ஏற்கப்பட்டுவிட்டன. அவருடைய நிரலும் வேறு சில வழங்கிகளும் இதற்கு ஆட்பட்டிருந்தன. திருத்தம் மிகச் சிறிது: மறையாக்கம் தொடங்குமுன் தேங்கியதைக் கொட்டிவிடு. தன் நிரலில் கண்ட பிழையை உலகறியச் சொன்ன அந்தப் பண்பையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். 2018 இல் வந்த ஆர்.எஃப்.சி. 8314, பயனரின் இணைப்பு தொடக்கத்திலிருந்தே மறைவாக இருப்பது நல்லதென்று பரிந்துரைத்தது.

2022 மே 30 முதல் கூகிள், தனிநபர் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு மூன்றாம் தரப்பு நிரல்கள் நுழைவதை நிறுத்தியது. வேறிடத்தில் அடையாளம் காட்டிப் பெற்றுவந்த, காலவரையறையுள்ள சீட்டை நீட்டுவதே இப்போது வழக்கமாகி வருகிறது. சீட்டு வழங்குபவை பெரிய நிறுவனங்கள். தம் வீட்டு மூலையில் தாமே ஒரு வழங்கி வைத்துக் கடிதம் அனுப்பிய தனியாள், மடல் மடலாக ஐயத்துக்கு ஆளாகிறார். காப்பின் விலையில் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது நம் கருத்து.

இத்தனையும் பயனருக்கும் அவருடைய வழங்கிக்கும் இடையிலான கதை. அதற்கென 1998 இல் ஒதுக்கிய 587 என்னும் வாயிலின் கதை. வழங்கியும் வழங்கியும் சந்திக்கும் பழைய 25 ஆம் வாயிலில், அனுப்பும் தளத்தின் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடுகள் பின்னாளில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் கடவுச்சொல் இன்றும் கேட்கப்படுவதில்லை. முன்பின் தெரியாத ஓர் இயந்திரம் வந்து வணக்கம் சொல்கிறது. இந்த இயந்திரம் 250 என்கிறது.