எட்டப்பன் வேடம் யாருக்கு?

நம் கரிசல் பக்கத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன் வராமல் இருக்க மாட்டார். புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று எந்த ஊரானாலும் சரி. ஜிகினா ஒட்டிய தலைப்பாகை, மையால் வரைந்த மீசை, அட்டையில் வெட்டிய வாள். மைக் முன்னால் வந்து நின்று ஒரே மூச்சில் வசனத்தைக் கொட்டிவிட்டுப் போவான் பையன். கைதட்டல் அடங்க நேரமாகும். இதைப் படிக்கும் உங்களில் பலரும் ஒரு காலத்தில் அந்த மீசையை வரைந்துகொண்டவர்களாகத்தான் இருப்பீர்கள்.

கட்டபொம்மன் கதை நம் ஊர்களில் முதலில் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் இருந்தது. பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். ம.பொ.சி. புத்தகம் எழுதினார். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். 1959இல் பி. ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்தார். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு கல்யாண வீடு, கோயில் கொடை என்று எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அந்த வசனம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது மனப்பாடம். பள்ளிக்கூட மேடைக்கு வந்ததும் அதுதான்.

இதை நான் குறை சொல்லவில்லை. வேடம் போட்டு நடித்த பாடம் மறக்காது. முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அது தெரியும். ஆனால் வசனம் ஒப்பிப்பது ஒன்று, இன்னொருவர் இடத்தில் நின்று பார்ப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை எனக்கு விளங்க வைத்தது, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தூர தேசத்துச் செய்தி.

அமெரிக்காவில் யூதச் சிறுவர் சிறுமியருக்கான கோடை முகாம்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நியூயார்க் போன்ற நகரங்களின் நெருக்கடியில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் சாப்பாடும் கிடைக்கட்டும் என்று தொடங்கியவை. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ஆட்கள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அதன் பிறகு முகாம்களின் நோக்கமும் மாறியது. வசதியாக வளரும் பிள்ளைக்குத் தன் முன்னோர் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? புத்தகம் கொடுத்தால் படிக்காது. ஆகவே நடித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

அதில் ஒரு விளையாட்டு நமக்குச் சுலபமாகப் புரியும். 1939இல் பிரிட்டிஷ் அரசு, பாலஸ்தீனத்துக்குள் ஐந்து ஆண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மேல் குடியேறக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. உயிர் தப்பியவர்கள் கள்ளத்தனமாகக் கப்பலேறினார்கள். 1947இல் ‘எக்சோடஸ்’ என்ற கப்பலில் வந்த சுமார் 4,500 பேரை பிரிட்டிஷார் பிடித்து, கடைசியில் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பினார்கள். எந்த நாட்டில் அவர்கள் இனத்தையே அழிக்கப் பார்த்தார்களோ, அதே நாட்டுக்கு!

முகாமில் இதை இரவில் நடிப்பார்கள். பிள்ளைகள் அகதிகள். இருட்டில், சத்தமில்லாமல், ஏரிக்கரை வழியாகவோ படகிலோ மறுகரை சேர வேண்டும். பிரிட்டிஷ் சிப்பாயாக டார்ச் விளக்கோடு நிற்பவர்கள், முகாமை நடத்தும் கல்லூரி வயது அண்ணன்மாரும் அக்காமாரும். பிடிபட்டால் பிடிபட்டதுதான். எல்லாம் முடிந்த பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். உனக்குப் பயமாக இருந்ததா? பக்கத்தில் இருந்தவனை விட்டுவிட்டு ஓடினாயா? சிப்பாயாக நின்ற அண்ணனுக்கு எப்படி இருந்தது?

இதில் இரண்டு விஷயங்களை நான் கவனித்தேன். கெட்டவன் வேடத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பிள்ளை தலையில் கட்டுவதில்லை. நடித்து முடித்ததும் ‘போய்ச் சாப்பிடு’ என்று அனுப்பிவிடுவதும் இல்லை.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் நாஜிகளின் கொடுமைகளையே நடிக்க வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்த மாதிரிக் கொடுமையை மாணவர்களை வைத்து நடித்துக் காட்ட வேண்டாம் என்று வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமே ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்கிறது. இன்னொரு கேள்வியும் கேட்கத் தோன்றும். மறுகரையில் ஏற்கெனவே குடியிருந்த அரபு மக்களின் வேடத்தை யார் போட்டது? எந்த நாடகத்திலும் யாருக்கு வேடமே இல்லை என்று பார்ப்பது நல்லது.

இப்போது நம் நாடகத்துக்கு வருவோம். அதில் மூன்றே பேர். கட்டபொம்மன், ஜாக்சன், எட்டப்பன். வரலாற்றில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள்.

1798 மே மாதக் கணக்கின்படி பாஞ்சாலங்குறிச்சி கட்ட வேண்டிய கிஸ்தி பாக்கி 3,310 பகோடா. கலெக்டர் ஜாக்சனைப் பார்க்க, குற்றாலத்தில் தொடங்கி ஊர் ஊராக 23 நாள், சுமார் 400 மைல் கட்டபொம்மன் பின்தொடர வேண்டியிருந்தது. கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்தில் சந்திப்பு. அதற்குள் பாக்கியில் பெரும் பகுதி கட்டியாகிவிட்டது. மீதி 1,080 பகோடாதான். ஆனாலும் அவரை நிற்க வைத்தே விசாரித்தார் ஜாக்சன். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தான். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு நடந்ததுதான் மேடையில் வருவதே இல்லை. சென்னை அரசு மூன்று பேர் குழுவை வைத்து விசாரித்தது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்று முடிவாகி, பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி போயிற்று!

அடுத்த ஆண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். கோட்டை விழுந்தது. சிவசுப்பிரமணிய பிள்ளையைத் தூக்கிலிட்டது வேறெங்கோ இல்லை, புதூருக்குப் பக்கத்து நாகலாபுரத்தில்தான். கட்டபொம்மனைத் துரத்தியதில் எட்டயபுரம் படைக்குப் பங்கு உண்டு. ஆனால் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கு. மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து, அவர்கள் முன்னால் விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார் பானர்மேன். பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், ஏழாயிரம்பண்ணை, கோல்வார்பட்டி பாளையங்களையும் கும்பினி பறித்துக்கொண்டது. இவை பெரும்பாலும் நாம் பஸ்ஸில் போய்வருகிற ஊர்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கே தன் ஊர் அந்தக் கதையில் இருக்கிறது என்று தெரியாது. எட்டப்பன் பெயர் மட்டும் தெரியும்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு அந்த வேடத்தைக் கொடுத்தார்கள். வேறு யாரும் ஏற்க மறுத்ததாலும், அவன் வாய் பேசாதவன் என்பதாலும். நாடகம் ஐந்து நிமிடம். பெயர் ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டது. அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். “மகனை எல்லாரும் எட்டப்பன்னு கூப்பிடுதாங்க சார். பள்ளிக்கூடம் போக மாட்டேங்கான்” என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வகுப்புக்கு அவன் வரவில்லை.

பிறகு சில ஆண்டுகள் கழித்து நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றைப் புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. பகலில் கண்மாய்க் கரை வேலை, ராத்திரி கலை நிகழ்ச்சி. ஒரு ராத்திரி கயத்தாற்று விசாரணையை நடிக்கலாம் என்றேன். எழுதி வைத்த வசனம் கிடையாது. பானர்மேன் நானே. பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கட்டபொம்மன், எட்டப்பன், காடல்குடிக்காரர், பார்த்துக்கொண்டு நின்ற பாளையக்காரர்கள் நாலு பேர், கிஸ்திக்குக் கம்பும் சோளமும் அளந்து கொடுத்த சம்சாரி வீட்டுப் பெண். பாதியில் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. எட்டப்பன் சீட்டு எடுத்தவன் எழுந்து, “நான் கும்பினியோட சேரலேன்னா என் கோட்டையையும்தானே இடிச்சிருப்பாங்க?” என்றான். கட்டபொம்மன் விடவில்லை. “இடிக்கட்டும்னு நாங்க நின்னோம்லா?” என்றான். சம்சாரி வீட்டுப் பெண்ணாக இருந்த மாணவி மெதுவாகச் சொன்னாள். “நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டதான வரி வாங்குனீக?” அரிக்கேன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற நாலு பேரைப் பற்றித்தான் பிறகு அதிக நேரம் பேசினோம். அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று. மறுநாள் காலையில் யாரும் யாரையும் எட்டப்பன் என்று கூப்பிடவில்லை. அந்தச் சீட்டு எல்லோர் கைக்கும் வந்துபோயிருந்தது.

கட்டபொம்மனும் எட்டப்பனும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் கயிற்றில் தொங்கினார், மற்றவர் பாளையத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பெரும் பகுதி கிடைத்தது. அதை மறைக்க முடியாது. ஆனால் ஒரு அரசர் எடுத்த முடிவை ஒரு ஊரின் மேல் இருநூறு ஆண்டுகளாகச் சுமத்துவது நியாயமா? நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே எட்டயபுரத்துக்காக கான்சாகிபுவின் படையோடு மோதி உயிர் விட்டவர் கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் இருந்தது எட்டயபுரத்தில். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் கண் மூடியதும் அங்கேதான். 1882இல் பிறந்த சுப்பையாவுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்ததும் அந்த ஊர் அவையில்தான்.

இந்த ஆண்டும் உங்கள் பேரனோ பேத்தியோ மீசை வரைந்துகொண்டு மேடை ஏறலாம். போய்ப் பாருங்கள், தாராளமாகக் கைதட்டுங்கள். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிய பிறகு, எட்டப்பனாக நடித்த பிள்ளை யார், அவனை இப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பள்ளிக்கூடம் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.