பிரிகேடியர் சைலோ: படையும் பேரவையும்

படைத்துறையில் பணியாற்றியவர் சட்டமன்றம் புகுவது உலக வரலாற்றில் புதிதன்று. கட்டளையிட்டும் கட்டளைக்குப் பணிந்தும் பழகிய ஒருவர், மாற்றாரின் மறுப்பையும் அமைதியுடன் கேட்க வேண்டிய மன்றத்தில் எவ்வாறு ஒழுகுவார்? எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

திருப்பூரை அடுத்த வீரபாண்டி போன்ற பின்னலாடைத் தொழில் வளரும் ஊர்களில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரை இன்று காண்கிறோம். அவர்கள் பிறந்த மண்ணின் அண்மைக்கால வரலாற்றை நாம் அறிந்திருப்பது குறைவே. அவ்வடகிழக்கில் உள்ள மிசோரத்தின் முதலமைச்சராக விளங்கிய பிரிகேடியர் தென்புங்கா சைலோவின் வாழ்வு, நம் வினாவுக்கு விடை தேட உதவும்.

மிசோ மலைகளில் மூங்கிற் காடுகள் மிகுதி. ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்க்கும். அக்காயைத் தின்று பெருகும் எலிகள், பின்னர் வயல்களிற் புகுந்து விளைச்சலை அழிக்கும். 1959 இல் அவ்வாறே நேர்ந்து பஞ்சம் பரவியது. அன்று அம்மலைகள் அசாமின் ஒரு மாவட்டமாக இருந்தன. உற்ற நேரத்தில் போதிய உதவி வரவில்லை என்ற மனக்குறை மக்களிடையே மூண்டது. பஞ்ச நிவாரணத்துக்கென எழுந்த ஓர் இயக்கம் 1961 இல் மிசோ தேசிய முன்னணி என்னும் அரசியற் கட்சியாயிற்று. அதன் தலைவர் லால்தெங்கா. அவரும் முன்பு இந்தியப் படையில் ஹவில்தாராக இருந்தவரே.

1966 மார்ச்சு முதல் நாள் அம்முன்னணி தனிநாடு அறிவித்து ஆயுதம் ஏந்தியது. அதே மாதத் தொடக்கத்தில் ஐஸ்வால் நகரின்மீது நம் விமானப்படை குண்டு வீசியது. 1967 முதல், கிளர்ச்சிக்காரருக்கு உணவும் புகலிடமும் கிட்டாதபடி, 500க்கு மேற்பட்ட சிற்றூர்களின் மக்களைப் பெயர்த்து, காவலுக்குட்பட்ட குடியிருப்புகளிற் குவித்தனர். மலேயாவில் 1950 முதல் ஆங்கிலேயர் கையாண்ட முறையை ஒத்தது இது. அங்கே தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அதன் துயரை அறிவர். மிசோ மக்களோ, காட்டைத் திருத்தி ஆண்டுக்கோர் இடத்தில் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். ஊரை விட்டுப் பெயர்ந்ததும் உழவு குலைந்தது. இரவில் வெளியே நடமாடவும் தடை. வயலுக்குச் செல்லவும் அடையாளச் சீட்டு வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் சைலோ தாயகம் திரும்பினார். 1922 இல் பிறந்து, 1942 இல் படையிற் சேர்ந்து, பிரிகேடியர் பதவிவரை உயர்ந்து, 1974 இல் ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியமும் ஊராரின் மதிப்பும் அவருக்குப் போதாவோ? ஆயினும் அவ்வாண்டிலேயே மனித உரிமைக் குழு ஒன்றை நிறுவினார். படையினர் வரம்பு மீறியதாக மக்கள் கூறிய நிகழ்ச்சிகளைத் தொகுத்து, மத்திய அரசுக்கு விண்ணப்பம் அளித்தார். தாம் வாழ்நாளெல்லாம் பணிபுரிந்த படையைப் பற்றியே அவர் முறையிட்டார் என்பதை நாம் மறத்தலாகாது. படையின் ஒழுங்கை உள்ளிருந்து அறிந்தவரின் சொல் என்பதால் அம்முறையீட்டுக்குத் தனி எடை இருந்தது.

மறுபுறம், 1975 சனவரியில் ஐஸ்வாலில் உயர் காவல் அதிகாரிகள் மூவர் தம் அலுவலகத்திலேயே கிளர்ச்சிக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருபுறத் துப்பாக்கிகளுக்கும் இடையே மக்கள் நின்றனர். அவ்வாண்டிலேயே சைலோ மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். 1972 முதல் ஒன்றிய ஆட்சிப் பகுதியாக இருந்த மிசோரத்தில் 1978 இல் நடந்த தேர்தலில் அக்கட்சி வென்றது, சைலோ முதலமைச்சரானார். சில திங்களிலேயே சொந்தக் கட்சியினர் பலர் பிரிந்தமையால் ஆட்சி கவிழ்ந்தது. படையில் தலைவன் சொல்லே முடிவு. பேரவையிலோ உறுப்பினரின் எண்ணிக்கையே முடிவு! அவர் மீண்டும் மக்களிடம் சென்றார். 1979 தேர்தலில் 30 இடங்களுள் 18 இடங்களைப் பெற்று, 1984 வரை ஆட்சி புரிந்தார்.

அக்காலத்தில் பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. அமைதி உடன்பாட்டுக்கு முன்வந்த லால்தெங்கா, சைலோவின் அமைச்சரவை விலகித் தம் தலைமையில் இடைக்கால அரசு அமைய வேண்டும் என்றார். வாக்குச் சீட்டால் அமைந்த அரசு, ஆயுதம் ஏந்தியோருக்கு வழிவிடுவதா? சைலோ இணங்கவில்லை. அமைதி அதனால் தள்ளிப்போயிற்று என்று குறை கூறினோர் பலர். 1984 தேர்தலில் காங்கிரசுக் கட்சி, அமைதிக்காகப் பதவி துறக்கவும் ஒருப்படுவோம் என வாக்களித்து வென்றது. 1986 சூன் 30 இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. முதலமைச்சர் லால்தன்ஹாவ்லா சொன்னபடியே விலக, லால்தெங்கா அப்பதவி ஏற்றார். 1987 பிப்ரவரி 20 இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று.

தோல்வியைச் சைலோ மக்கள் தீர்ப்பென ஏற்றார். பின்னரும் நெடுங்காலம் தம் கட்சியை நடத்தினார். 1999 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015 இல் தம் 93ஆம் வயதில் மறைந்தார்.

பதவி துறக்க மறுத்தவர் செய்தது சரியா, துறந்தவர் செய்தது சரியா? இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மக்கள் அளித்த ஆணையைக் காத்தார் ஒருவர். அவ்வாணையைப் பெற்றே அதனை அமைதிக்கு ஈடாக அளித்தார் மற்றவர். முன்னாள் பிரிகேடியரும் முன்னாள் ஹவில்தாரும் வெவ்வேறு வழி நடந்து, முடிவில் ஒரே பேரவையின் வாயிலை அடைந்தனர். ஹவில்தார் அங்கு வந்து சேர 20 ஆண்டுகள் ஆயின. அந்த 20 ஆண்டுகளின் விலையைச் செலுத்தியவர்களோ பெயர்க்கப்பட்ட சிற்றூர்களின் மக்கள். வரலாறு பயிலும் நீங்கள் அவ்விலையையும் கணக்கிட்டுத் தீர்ப்பளிக்க வேண்டும்.