சுரங்கத்துக் கல்வி

தொழிலாளி தன் தொழிலை எங்கே கற்கிறான்? பாடநூலையும் பரீட்சையையும் கட்டி மாரடிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இக்கேள்வியை அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. மனிதகுலத்தின் மிகப் பெரும்பகுதி, தன் பிழைப்புக்கு வேண்டிய அறிவை அருகில் நின்று வேலை செய்தவனிடமிருந்தே பெற்று வந்துள்ளது. அவ்வறிவு தழைப்பதும் பட்டுப்போவதும் வேலை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அவ்வாறாயின், பங்கிடுபவர் யார் என்பதும் கல்வியைப் பற்றிய கேள்வியேயாகும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாறு இதனை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இயந்திரம் புகுமுன் அங்கே கரி வெட்டியவர்கள் இருவர் இருவராகவே வேலை செய்தனர். துணையைத் தாமே தெரிந்துகொண்டனர்; நிருவாகத்தோடு ஒப்பந்தத்தைத் தாமே பேசிக்கொண்டனர். கரியை வெட்டுவது, முட்டு மரம் நிறுத்துவது, அள்ளி ஏற்றுவது அனைத்தும் அவ்விருவர் பொறுப்பே. அவர்களுடன் சென்ற இளைஞன் தொழில் முழுவதையும் கண்ணால் கண்டு கற்றான். பிக்காசின் முனையால் முகட்டைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு பாறையின் உறுதியை அறிந்தான். முட்டு மரம் முறியுமுன் முனகும் என்பதனையும் அந்த முனகலின் பொருளையும் அவனுக்கு எந்த நூலும் சொல்லித்தரவில்லை. துணைவரில் ஒருவன் விபத்தில் மாண்டால் மற்றவன் அவன் குடும்பத்தைத் தாங்குவதும் உண்டு. அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் கூற வரவில்லை. அங்கே பட்டினியும் இருந்தது, சாவும் இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெட்டும் இயந்திரமும் கரியைக் கொண்டுசெல்லும் ஓடுபட்டியும் வந்தன. அவற்றோடு நெடுஞ்சுவர் முறை பரவியது. பல யார் நீளமான ஒரே கரிமுகத்தில் ஏறத்தாழ 40 பேர் மூன்று முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் முறையில் வந்த 10 பேர் துளையிட்டு, கரியின் அடியை வெட்டினர். அடுத்த 10 பேர் ஓடுபட்டியை நகர்த்தி, பாதையை உயர்த்தினர். இறுதியாக 20 பேர் கரியை அள்ளினர். ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை, அதற்கென ஒரு கூலி. சிந்தனையைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து நிருவாகத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று 1911இல் அமெரிக்கரான பிரெடரிக் டெயிலர் நூலெழுதி வாதித்தாரன்றோ? அந்தப் போக்கே இங்கு நிலத்தின் அடியிலும் இறங்கிற்று.

விளைவு என்ன? வெட்டியவன் செய்த பிழை அள்ளுபவன் தலையில் விடிந்தது. வெட்டியவனோ அதைக் காணுமுன்பே வீடு சென்றுவிட்டான். தன் பிழையின் பயனைக் காணாதவன் அதிலிருந்து கற்பதெங்ஙனம்? ஒரு முறையினர் மற்ற முறையினரைத் தூற்றினர். பலர் வேலைக்கு வராமல் நின்றனர். 1947 ஜனவரி முதலாம் திகதி சுரங்கங்கள் அரசுடைமையாயின. வாயிலிற் பலகை மாறியது. உள்ளே வேலையின் அமைப்பு மாறவில்லை. உடைமை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பும் நம்மவர்கள் இதனைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

1940களின் இறுதியில், முன்னாட் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்போர்த், தாம் வேலை செய்த தென் யோர்க்சயர்ச் சுரங்கத்துக்குத் திரும்பிச் சென்றார். அவர் அப்போது இலண்டன் தாவிஸ்டொக் நிறுவகத்தில் ஆய்வாளர். ஹேய்மூர் என்னும் கரிப்படையில் அவர் புதுமையொன்றைக் கண்டார். முகட்டைத் தாங்கும் வழிமுறைகள் திருந்தியிருந்தமையால் அங்கே குறுகிய கரிமுகத்தில் வேலை செய்ய முடிந்தது. தொழிலாளர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, வேலைகளையும் முறைகளையும் தமக்குள் மாற்றிக்கொண்டு, மேற்பார்வை அதிகமின்றி இயங்கினர். பழைய இருவர் முறையின் நினைவு அவர்களிடையே அழியாதிருந்தது. அந்நினைவே புதிய இயந்திரத்துக்கு ஏற்ற புதிய அமைப்பைப் படைக்க உதவிற்று. பாம்போர்த்தும் எரிக் டிரிஸ்டும் இதுபற்றி 1951இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. கண்டுபிடிப்பு ஆய்வாளருடையதன்று, சுரங்கத்தாருடையது என்றே நாம் கொள்கிறோம்.

பின்னர் 1950களில் டர்ஹாம் மாவட்டத்தில் இரு அமைப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கரிப்படை ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. பழைய நெடுஞ்சுவர் முறையில் ஒருவன் ஒரு முக்கிய வேலையை மட்டுமே செய்தான். கூலியைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட கூட்டுமுறையிலோ ஒருவன் சராசரி 3.6 முக்கிய வேலைகளைச் செய்தான். முந்தைய முறையினர் விட்டதை அடுத்து வருபவர் தொடர்ந்து செய்ய வேண்டியிருந்ததால், எல்லோரும் எல்லோரிடமும் கற்க நேர்ந்தது. கற்றவர்கள் வேலையை மேலும் மாற்றியமைத்துக்கொண்டனர். வேலைக்கு வராதோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. இயலக்கூடிய உற்பத்தியில் நூற்றுக்கு 78 பங்கே எடுத்த இடத்தில் கூட்டுமுறை 95 பங்கு எடுத்தது.

இத்தனைக்குப் பின்னும் தேசிய நிலக்கரிச் சபை அம்முறையை நாடெங்கும் பரப்ப முன்வரவில்லை. உற்பத்தி கூடுவதைச் சபை விரும்பாமலா இருக்கும்? தன் வேலையைத் தானே ஒழுங்குசெய்யக் கற்ற தொழிலாளிக்கு மேற்பார்வையாளன் எதற்கு என்னும் கேள்விதான் இடறியது போலும். 1966ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கரி வெட்டுவோருக்கு உற்பத்திக்கேற்ற கூலியை நீக்கி நாட்கூலியைக் கொண்டுவந்தது. மாவட்டந்தோறும் வேறுபட்ட கூலியைச் சமப்படுத்தும் என்று தொழிற்சங்கம் அதனை ஏற்றது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் குழுவே கூலியைப் பேசித் தனக்குள் பங்கிட்ட வழக்கத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. டர்ஹாம் கரிவயலின் கடைசி ஆழ்சுரங்கம் 1993இலும், பிரித்தானியாவின் கடைசி ஆழ்சுரங்கமான யோர்க்சயரின் கெல்லிங்லி 2015 டிசம்பரிலும் மூடப்பட்டன.