‘ஸ்டேஷன்’: ஒரு சொல்லும் நம் ஊழியமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ‘ஸ்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாதார் இலர். ஆயினும் அதன் பொருள் இடத்திற்கு இடம் வேறுபடும். 1861இல் சேலத்திற்கு இருப்புப்பாதை வந்தபின் அது வண்டி நின்று செல்லும் இடமாயிற்று. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை சீரமைக்கப்பட்டபின் அது அச்சந்தரும் இடமுமாயிற்று. ‘ஸ்டேஷனுக்கு வா’ என்று சிற்றூரில் ஒருவரை அழைத்தால் எவரும் இரயிலை நினைப்பதில்லை. ஏற்காட்டிலோ, கோடைக்கு அஞ்சிய ஐரோப்பியரின் மலை வாழிடத்தை அது குறித்தது.

நம் சபைகளில் அதற்கு வேறொரு பொருள் வழங்கிற்று. 1827இல் ஹென்றி கிறிஸ்ப் ஐயர் லண்டன் மிஷன் பணியைச் சேலத்தில் தொடங்கினார். சேலம் ‘மிஷன் ஸ்டேஷன்’ ஆயிற்று. மிஷனரியின் பங்களாவும் ஆலயமும் பள்ளியும் அமைந்த வளாகமே ஸ்டேஷன். சுற்றியிருந்த சிற்றூர்கள் ‘அவுட்ஸ்டேஷன்’. அதாவது, மக்கள் பெரும்பாலும் வாழ்ந்த இடம் ‘வெளி’யாகவும், மிஷனரி வாழ்ந்த இடம் மையமாகவும் எண்ணப்பட்டன. இவ்வெண்ணம் நம்மை முற்றிலும் விட்டகன்றதா?

இச்சொல்லின் இலத்தீன் மூலம் ‘நிற்றல்’ எனப் பொருள்படும். உரோமப் படையில் அது காவல் நிற்றலைக் குறித்தது. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ஹெர்மாவின் ‘மேய்ப்பன்’ உபவாசத்தை அச்சொல்லாலேயே குறிப்பிடுகிறது. தெர்த்துல்லியன் அதனைப் படைவீரரின் காவலோடு ஒப்பிட்டு விளக்கினார். ஆதித் திருச்சபைக்கு அது விழித்திருக்கும் செயல், கட்டடமன்று. சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் இச்சொல்லாலேயே வழங்கப்படுகின்றன. அங்கே நிற்பவர் அடுத்த நிலைக்கு நடக்கவே நிற்கிறார்.

கொல்லிமலையில் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் அங்கே காய்ச்சலால் மரித்தார். அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரை மிஷன் பின்னர்ச் சமவெளியில் பணியாற்றச் செய்தது. ஓய்வு பெற்றதும் அவர் தாயகம் திரும்பவில்லை, மீண்டும் மலையேறினார். ஸ்டேஷன் என ஒன்றும் அவருக்கு ஒதுக்கப்படவில்லை. ஆயினும் 1974இல் மரிக்கும்வரை மலைமக்களிடையே நின்றார்.

இடமாற்ற ஆணை வருங்காலத்தில், ‘எந்த இடம்? வீடு உண்டா? நகரத்திற்கு அண்மையா?’ என நாமும் வினவுகிறோம். குடும்பமுடையோர் இவ்வாறு வினவுவது குற்றமன்று. ஆயினும் அங்கே யாருக்காகக் காவல் நிற்கப் போகிறோம் என்னும் வினா அவற்றிற்கு முந்தியதாதல் வேண்டும்.