பள்ளியை ஆள்வோர் யார்? பொருள் தருவோர் யார்?

ஓர் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றால் மூன்று வினாக்கள் எழ வேண்டும். அதனை ஆள்வோர் யார்? அதற்குப் பொருள் தருவோர் யார்? அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது? முதல் இரண்டு வினாக்களும் அலுவலகத்துக்கு உரியவை என்று நம் மக்கள் ஒதுங்கியே இருந்துவிட்டார்கள். மூன்றாவது வினாவே நம்மைச் சுட்டது. அதற்காகவே நம் முன்னோர் போராடினார்கள். எனினும் வரலாற்றை ஊன்றி நோக்கின், முதல் இரண்டு வினாக்களுக்குக் கிடைத்த விடையே மூன்றாவதன் விடையையும் முடிவு செய்து வந்திருக்கிறது என்பது புலனாகும். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் எழுதி வைப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

ஜில்லா போர்டு காலம்

சென்னை மாகாணத்தில் பொதுப் பணத்தைக் கொண்டு ஊர்தோறும் பள்ளி நடத்தும் முறைக்கு 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும், 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகச் சட்டமும் அடிகோலின. இரண்டாவது சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சாலை, மருந்தகம், சத்திரம் ஆகியவற்றோடு பள்ளிகளையும் இந்த போர்டுகளே நடத்தின. நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட ‘செஸ்’ வரியே அவற்றின் முதன்மையான வருவாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தில் உழைத்தவர் நம்மவர். வரி ரசீதோ நிலக்கிழார் பெயரில் இருந்தது. வரி கட்டுபவருக்கே வாக்கு என்றும், செல்வாக்குடையவருக்கே உறுப்பினர் பதவி என்றும் இருந்த காலம் அது. ஆகவே போர்டில் அமர்ந்தவரும் நிலக்கிழாரே. பள்ளியும் பெரும்பாலும் ஊர்த் தெருவில், கோயில் மண்டபத்தில் அல்லது சாதி இந்துவின் வாடகை வீட்டில் நடந்தது. சேரிப் பிள்ளை அந்தத் தெருவில் நடப்பதற்கே தடை இருந்தபோது, பள்ளிப் படியை எங்ஙனம் மிதிப்பான்? பள்ளி பொதுப்பள்ளி என்றே ஏட்டில் இருந்தது. வாயில் மட்டும் பொதுவாக இல்லை. உள்ளூர் மக்கள் கையில் பள்ளியை ஒப்படைத்தால் எல்லாம் நலமாகும் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். அந்த உள்ளூரில் யார் யார் அடங்குவர் என்பதை நம் முன்னோர் பட்டறிந்து தெரிந்துகொண்டார்கள்.

இந்நிலையில் மாகாண அரசு 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வெளியிட்ட 68-ஆம் எண் ஆணை குறிப்பிடத்தக்கது. பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நம் மக்களுக்கென நடக்கும் பள்ளிகளுக்குப் புறம்போக்கு நிலத்தில் இடம், கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கு அது வழி செய்தது. கிறித்தவச் சபைகள் பல இம்மானியத்தைக் கொண்டு பள்ளிகள் நடத்தின. 1894-இல் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியையொட்டிக் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். போர்டின் வாயில் அடைபட்டிருந்தபோது, மாகாண அரசின் மானியமும் அறவோர் துணையும் வேறு வாயில்களைத் திறந்தன.

தனித்துறையும் தனிப்பள்ளியும்

1919-ஆம் ஆண்டு தாழ்த்தப்பட்டோர் நலனுக்கெனத் தனி அலுவலர் ஒருவரை அரசு நியமித்தது. அப்பொறுப்பு அடுத்த ஆண்டிலேயே லேபர் கமிஷனர் பதவியாக விரிந்தது. அத்துறை நம் குடியிருப்புகளில் தொடங்கிய பள்ளிகளே ‘லேபர் பள்ளிகள்’ என்று முதியோர் நாவில் இன்றும் வழங்குவன. இவை ஜில்லா போர்டின் தயவில் நடந்தவையல்ல. மாகாணக் கருவூலத்திலிருந்து நேரே பணம் பெற்றவை. நாடு விடுதலை பெற்ற பின் இப்பள்ளிகள் அரிசன நலத்துறையின் பொறுப்பில் வந்தன. இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிலவுகின்றன.

1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நிதி முறையில் ஒரு திருப்பம். உள்ளாட்சி மன்றங்கள் தொடக்கக் கல்விக்கென்று தனி வரி விதிக்கலாம். அவ்வாறு விதித்தால் அரசும் அதற்கு ஈடாகப் பொருள் தரும் என்பது அதன் உட்கருத்து. இன்றும் நகராட்சி, மாநகராட்சிகளின் சொத்து வரியில் ‘கல்வி வரி’ என்னும் பகுதி இருப்பதும், அது தொடக்கக் கல்வி நிதி என்னும் தனிக்கணக்கில் சேர்வதும் அச்சட்டத்தின் வழிவந்தவையே. ஆயினும் வரி விதிக்க மனமுள்ள மன்றத்துக்கே ஈடு கிடைத்தது. வளமான நகரம் மேலும் பெற்றது. வறண்ட வட்டம் அவ்வாறே கிடந்தது.

அதே காலத்தில் சட்டமன்றத்தில் நம் தலைவர்களின் குரல் ஒலித்தது. எம். சி. இராசாவின் முயற்சியால் 1922-இல் அரசு ஏடுகளில் ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் ஏற்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் எவரையும் தடுத்தல் கூடாது என்று அரசு ஆணையிட்டது. சாலை திறந்த பின்னரே பள்ளி திறக்க இயலும் என்பதை அப்பெருமக்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஒன்றியமும் அரசும்

1934-இல் தாலுகா போர்டுகள் நீக்கப்பட்டன. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஜில்லா போர்டுகளுக்கும் முடிவு கட்டியது. தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் புதிய ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்தன. போர்டு உயர்நிலைப் பள்ளிகளைப் பின்னர் அரசே ஏற்றுக்கொண்டது. காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகியதும், மதிய உணவுத் திட்டம் வளர்ந்ததும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே மேசையும் நாற்காலியும் அளித்ததும் இக்காலத்தில்தான். நம் மக்களில் முதல் தலைமுறையாக எழுதப் படித்தவர் பலர் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகளே.

ஒன்றிய ஆசிரியரின் நியமனமும் மாறுதலும் ஒன்றியத்தின் கையில் இருந்தன. ஒன்றியத்தில் செல்வாக்குடையோர் எவரோ அவர் முகம் பார்த்தே ஆசிரியர் வாழ வேண்டியிருந்தது. 1981-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில், ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். சேரித் தெருவில் பிறந்து ஆசிரியரான ஒருவர், ஊர்ப் பெரியவரின் தயவின்றி, கருவூலத்தில் ஊதியம் பெற்று, ஊர்த் தெருப் பள்ளியில் நிமிர்ந்து நின்று பாடம் சொல்ல அந்த ஆணை துணை நின்றது. ஆனால் கட்டடமும் நிலமும் ஒன்றியத்தின் உடைமையாகவே நீடித்தன. ஆசிரியர் ஒருவர் பொறுப்பு, கூரை மற்றொருவர் பொறுப்பு என்னும் நிலை அன்று தொட்டு இன்றுவரை தொடர்கிறது.

நம் பகுதி இதற்கு நல்ல சான்று. ஓசூர் சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்கும், 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டத்துக்கும் மாறியது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் மூக்கண்டப்பள்ளி சிற்றூர் என்னும் நிலையைக் கடந்து தொழிலாளர் குடியிருப்பாயிற்று. ஊராட்சியாக இருந்த அது 2011-இல் ஓசூர் நகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளோடு, பிழைப்புத் தேடி வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இப்பகுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். எல்லை மாறும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: ஒழுகும் கூரைக்கு விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும்? விடை தெரிந்தவன் பிள்ளைக்கு விரைவில் ஓடு கிடைக்கும். விடை தெரியாதவன் பிள்ளை நனைய வேண்டியதுதான்.

கல்வி மாவட்டம் என்பது எது?

அமெரிக்க நாட்டில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது தனி ஆட்சி அமைப்பு. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். அம்மாவட்டத்து வீடு, நிலங்களின் மீது விதிக்கும் சொத்து வரி பள்ளிக்குச் செல்லும். கேட்பதற்கு இனிய முறை. ஆனால் செல்வர் வாழும் மாவட்டத்தில் பள்ளி மாளிகையாகும். ஏழைகள் வாழும் மாவட்டத்தில் குடிசையாகும். டெக்சாசு மாநிலத்தில் எட்ஜ்வுட் என்னும் ஏழை மாவட்டத்துப் பெற்றோர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவ்வழக்கைத் தள்ளியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1989-இல், அம்மாநில நீதிமன்றத்திலேயே எட்ஜ்வுட் மாவட்டம் வென்றது.

நம் கல்வி மாவட்டமோ நிர்வாக வசதிக்காக வகுத்த பகுதி மட்டுமே. அதற்கு வாக்காளரும் இல்லை. வரி விதிக்கும் உரிமையும் இல்லை. முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்னும் படிகளில் ஆணை மேலிருந்து இறங்குகிறது. பணமும் மேலிருந்தே வருகிறது. 2025-26-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித்துறைக்குத் தமிழக அரசு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். மூக்கண்டப்பள்ளிப் பிள்ளைக்கும் மயிலாப்பூர்ப் பிள்ளைக்கும் ஆசிரியர் ஊதியம் ஒரே கருவூலத்திலிருந்து வருவது, எட்ஜ்வுட் மக்கள் கனவு கண்ட நிலை. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

மேலிருந்து வருவதில் இடரும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்குச் சென்றது. 1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழகத்தில் தொடங்கியபோது, ஓசூரை உள்ளடக்கிய தருமபுரி மாவட்டம் முதற்கட்டத்திலேயே இடம் பெற்றது. செலவில் நூற்றுக்கு 85 பங்கு நடுவண் அரசுடையது, 15 பங்கு மாநிலத்துடையது. அதன்பின் அனைவருக்கும் கல்வித் திட்டமும், 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் வந்தன. நடுவண் அரசின் பங்கு 60 ஆகக் குறைந்தது. 2024-25-இல், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையொப்பமிடாத காரணத்தால், ஏறத்தாழ 2,150 கோடி ரூபாய் விடுவிக்கப்படாமல் நின்றது. 2025 மே திங்களில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தில்லிக்கும் சென்னைக்கும் வழக்கு நடக்க, அந்நிதியை நம்பியிருப்போர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் நம் பிள்ளைகள் மிகுதி.

தொழிற்பேட்டைப் பகுதியில் வேறொரு வழியும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறித்த அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதனால் வகுப்பறையும் கழிப்பறையும் பெற்ற பள்ளிகள் உண்டு. நன்றியோடு ஏற்போம். எனினும் வரியில் நமக்கு உரிமை உண்டு. கொடையில் உரிமை இல்லை. கொடுப்பவர் மனம் மாறினால் அது நின்றுவிடும்.

நாம் அமர வேண்டிய நாற்காலி

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள்; நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் அளவுக்கேற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அக்குழுவே தீட்ட வேண்டும். அத்திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை ஆகும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியம் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிக்கு 50,000 ரூபாய், இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டதற்கு 75,000 ரூபாய், ஆயிரத்துக்கு மேற்பட்டதற்கு ஒரு இலட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டுள்ளது. ஜில்லா போர்டில் நம் பாட்டனார்க்குக் கிடைக்காத நாற்காலி இது.

நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த தாய் ஒருவர் குழு உறுப்பினராக இருந்தார். தீர்மானப் புத்தகத்தை நீட்டினால் கையொப்பமிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. நாமும் படித்துக் காட்டியதில்லை. அது நம் பிழை. ஒருநாள் எட்டாம் வகுப்பு படிக்கும் தம் மகளை உடன் அழைத்து வந்து, “அய்யா, போன மாசம் நான் போட்ட கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு இவ படிக்கட்டும்” என்றார். மகள் படித்தாள். கழிப்பறைக் கதவுக்கென எழுதிய தொகை இருந்தது. கதவு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் கதவு வந்தது. முப்பது ஆண்டுப் பணியில் எந்தத் தணிக்கையும் எம்மை அவ்வளவு நாணச் செய்ததில்லை.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ்க் கொணர்வதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தபோது, நம்மிடையே இரு கருத்துகள் எழுந்தன. தனிப்பள்ளி என்னும் முத்திரை நீங்கட்டும் என்றனர் சிலர். நமக்கென இருக்கும் இடமும் நிதியும் கரைந்துவிடும் என்றனர் சிலர். எம் கருத்து இது: துறை எதுவாயினும் ஆகுக. அப்பள்ளியின் நிலம் எவர் பெயரில் உள்ளது, அதற்குரிய ஒதுக்கீடு எந்தக் கணக்கில் வருகிறது, குழுவில் நம்மவர் எத்தனை பேர் என்னும் மூன்றையும் எழுத்தில் பெறாமல் இசைவும் தரலாகாது, எதிர்ப்பும் செய்யலாகாது.

போர்டு போயிற்று, ஒன்றியம் வந்தது; ஊராட்சி போயிற்று, மாநகராட்சி வந்தது. பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர் வென்றார். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. இனிப் பெற்றோரையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். குடியிருப்புக்கு இருவரேனும் குழுக் கூட்டத்துக்குத் தவறாது செல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லட்டும். கையொப்பமிடுமுன் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். பொன் விழா மலரில் எழுதப்போகும் தலைமையாசிரியர் நம் மக்களைப் பள்ளியில் சேர்ந்தவர்கள் என்று மட்டும் எழுதாமல், பள்ளியை ஆண்டவர்கள் என்றும் எழுதும் நிலை வருமாக.