உயில் எழுதிய கை

அமெரிக்காவின் பழஞ்செல்வக் குடும்பங்களைப் பற்றிய நாவல்கள் என்றதும் ஹென்றி ஜேம்ஸும் ஈடித் வார்ட்டனுமே நம் நினைவில் எழுகிறார்கள். அவ்வுலகின் பிற்காலத்தை எழுதிய லூயிஸ் ஆக்கின்க்ளாஸ் (1917–2010) நம்மிடையே அதிகம் பேசப்பட்டவரல்லர். அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதி நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் பணிபுரிந்தார்.

முதல் நாவல் 1947இல் ஆண்ட்ரூ லீ என்ற புனைபெயரில் வெளிவந்தது. அந்நூல் மகனின் பெயருக்கு இழுக்காகும் என்று தாய் அஞ்சியதே காரணம். 1951இல் எழுத்துக்காகவே தொழிலைத் துறந்தவர், 1954இல் மீண்டும் அதற்கே திரும்பி 1986 வரை நீடித்தார். இதை ஓர் எழுத்தாளனின் தோல்வியாக நாம் கொள்ளலாகாது. அவருடைய துறை உயில்களும் குடும்ப டிரஸ்டுகளும். டிரஸ்டின் வருமானம் பேரனுக்கு வந்துகொண்டிருக்கும். முதலில் அவன் கைவைக்க இயலாது. பாட்டன் மறைந்த பின்னும் அவர் சொல்லே குடும்பத்தை ஆளும். யார் யாருடைய தயவில் வாழ்கிறார் என்பதை வரவேற்பறையில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உயில் எழுதுபவர் அறிவார்.

அந்த அறிவின் பயனை ‘தி எம்பெஸ்லர்’ (1966) நாவலில் காண்கிறோம். அதன் பின்னணியில் இருப்பது ஓர் உண்மை நிகழ்வு. 1930 முதல் 1935 வரை நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவராக இருந்த ரிச்சர்ட் விட்னி, அரசுக் கண்காணிப்பைக் கடுமையாக எதிர்த்தவர். கனவான்களின் நாணயமே போதும் என்பது அவர் தரப்பு. இறந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்கான நிதியைக்கூட அவரே கையாடியது 1938இல் அம்பலமாகி, சிங் சிங் சிறை சென்றார். நாவலில் இத்தகையதொரு வீழ்ச்சியைக் கையாடியவன், அவன் நண்பன், அவன் மனைவி என மூவர் சொல்கிறார்கள். மூவர் கூற்றும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. தீர்ப்பை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

அவருடைய உலகம் மிகக் குறுகியது என்று விமர்சகர்கள் அன்றே குறை கூறினர். அதில் உண்மை உண்டு: அவ்வீடுகளில் உழைத்தவர்களின் குரல் அவர் நாவல்களில் அரிதாகவே ஒலிக்கிறது. ஆயினும் அந்தச் சில அறைகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் எண்ணற்றோரின் சேமிப்பையும் வாழ்வையும் தீர்மானித்தன. ஏழ்மையை எழுதிய பெரும் படைப்பாளிகள் நமக்குப் பலர் உண்டு. பணம் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை உள்ளிருந்து எழுதியவர் மிகச் சிலரே. அதன் பொருட்டேனும் அவரை நாம் வாசிக்க வேண்டும்.