பார்பியானா புகட்டிய குடிமைப் பாடம்

பள்ளிகள் நல்ல குடிமக்களை உருவாக்குகின்றனவா? இவ்வினாவை எழுப்புவோர் இத்தாலியின் பிளாரன்சு மறைமாவட்டத்தைச் சேர்ந்த பார்பியானா என்னும் மலைச் சிற்றூரின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

1946இல் முடியாட்சியை நீக்கிய இத்தாலி, 1948 சனவரி 1 முதல் புதிய அரசியலமைப்பின் கீழ் வந்தது. குறைந்தது எட்டாண்டுக் கல்வி கட்டாயம், இலவசம் என்று அது உறுதி கூறியது. மக்களின் சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கும் பொருளாதார, சமூகத் தடைகளை அகற்றுவது குடியரசின் கடமை என்றும் விதித்தது. ஆயினும் தேர்வில் தவறிப் பள்ளியை விட்டு வெளியேறியோருள் பெரும்பாலோர் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே.

1954 டிசம்பரில் அருட்தந்தை லொரென்சோ மிலானி பார்பியானாவின் பங்குத்தந்தையானார். நல்ல சாலையோ மின்விளக்கோ இல்லாத அவ்வூரில், பங்கு இல்லத்தையே அவர் பள்ளியாக்கினார். அங்கு விடுமுறை இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பின்தங்கிய மாணவன் புரிந்துகொள்ளும்வரை பாடம் நகராது. மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தனர். நாள்தோறும் செய்தித்தாளை உரக்க வாசித்து விவாதித்தனர். சொல் வசப்படாதவனுக்குச் சட்டம் தந்த உரிமையும் வசப்படாது என்பதை மிலானி உணர்ந்திருந்தார். 'எனக்கென்ன' என்பது பாசிசத்தாரின் முழக்கம். அதற்கு நேர் எதிராக, 'எனக்கு அக்கறை உண்டு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அப்பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருந்தன.

அந்த அக்கறைக்குச் சோதனையும் வந்தது. மனச்சான்றின் பொருட்டுப் படையில் சேர மறுப்பது கோழைத்தனம் என்று, ஓய்வுபெற்ற இராணுவ ஆன்ம குருக்கள் சிலர் 1965இல் அறிக்கை விட்டனர். மாணவரோடு அதனைப் படித்த மிலானி வெளிப்படையாக மறுப்பு எழுதினார், வழக்கும் தொடரப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அவ்வாறு மறுப்போருக்குச் சட்டம் மனிதநேயத்துடன் இடமளிப்பதே முறை என்றது. 1966இல் நீதிமன்றம் மிலானியை விடுவித்தது. 1967 அக்டோபரில் மேல்முறையீட்டு மன்றம் அவரது எழுத்தைக் குற்றமெனக் கண்டபோது அவர் உயிரோடில்லை. 1972இல் நாட்டின் சட்டமே அம்மறுப்பை ஏற்றது.

1967 மே மாதத்தில் பார்பியானா மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' நூலாக வெளிவந்தது. ஏழைகளை வடிகட்டி வெளியேற்றும் பள்ளிமுறையைப் புள்ளிவிவரங்களோடு அது கூண்டில் ஏற்றியது. அடுத்த மாதம் 26ஆம் நாள் மிலானி தம் 44ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கண்டிப்பு மிக்கவர். ஒருவரது ஆற்றலையே நம்பி நின்ற அப்பள்ளியும் அவருக்குப்பின் நீடிக்கவில்லை. ஆயினும் 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானா சென்று அவரது கல்லறையில் செபித்தார்.

திருச்சபையின் பெயரால் பள்ளிகளை நடத்தும் நாம், தேர்ச்சி விழுக்காட்டை ஆண்டுதோறும் பெருமையோடு அறிவிக்கிறோம். அரசியலமைப்பின் விதிகளை மனனம் செய்த மாணவன், தன் ஊரில் அநீதி கண்டால் எழுந்து பேசுவானா? பாதியில் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக் கதவை நம்மில் எவரேனும் தட்டினோமா? மக்களாட்சிக்கு நம் பள்ளிகள் ஆற்றும் தொண்டை இவ்விரு வினாக்களைக் கொண்டே அளந்து பார்த்தல் தகும்.